கூல் லிப்பை முதலில் பார்த்தது ஆசிரியர் இல்லை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வந்து குவிகிற சுற்றறிக்கைகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் பற்றியதும் ஒன்று. மன்றத்துக்கு ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். வழக்கமாக அது உடற்கல்வி ஆசிரியரான பி.இ.டி. சார் தலையில் விழும். அவரிடம் ஏற்கெனவே ஜே.ஆர்.சி., சாலைப் பாதுகாப்பு, விளையாட்டு விழா எல்லாம் இருந்தால், அடுத்தபடியாக ஸ்டாஃப் ரூமில் யார் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு. கணக்கு டீச்சரான எனக்கு அப்படித்தான் வந்தது. திருப்பூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். பலர் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஆகவே தாத்தா பாட்டி வீட்டில் கிடையாது. சாயங்காலம் நான்கரைக்குப் பையன் வீட்டுக்குப் போனால், அம்மா வர ஒன்பது மணி ஆகும்.

மன்றத்துக்கென்று ஒரு வருடாந்திர வேலைத் திட்டம் உண்டு. மே 31 புகையிலை எதிர்ப்பு நாள் விடுமுறையில் போய்விடும், அதனால் அதையும் சேர்த்து போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26-இல் நடத்துவோம். பேரணி, உறுதிமொழி, ஓவியப் போட்டி, வாசகப் போட்டி. போட்டோ எடுத்து அனுப்பினால் அந்த ஆண்டுக்கு முடிந்தது. பேரணியை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கிறது, வெயிலில் ஒரு சுற்று நடந்து வந்து மோர் குடிப்பார்கள். ஆனால் அழுகிய நுரையீரல் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் "பார்த்தியா?" என்று கேட்டபோது அவன் சொன்னான்: "இது சிகரெட் புடிக்கிறவங்களுக்குத்தானுங்க மிஸ்." கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அவன் தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிற பொருளில் புகையே இல்லை.

கூல் லிப் என்பதைத் தெரியாத ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். புகையிலைத் தூளையும் புதினா வாசனையையும் சேர்த்து, விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக, குட்டி டீ பை மாதிரி செய்திருப்பார்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் போதும். மெல்ல வேண்டாம், புகை வராது, புதினா வாசனை வருவதால் பல் தேய்த்த வாய் போல இருக்கும். வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டால் அந்தப் பையன் உதட்டை அசைக்காமல் "ம்" என்று மட்டும் சொல்வான், அல்லது வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவான். அடிக்கடி எழுந்து எச்சில் துப்பப் போவான். நாளாக ஆக, பை உட்காரும் இடத்தில் உதட்டின் உள்பக்கம் வெளுத்துச் சுருங்கிவிடும். காரம் பட்டால் எரியும், சத்துணவில் குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோறும் முட்டையும் சாப்பிடுவான். இந்தக் கடைசி விஷயத்தை எனக்குச் சொன்னவர் சத்துணவு அமைப்பாளர்.

தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குட்கா வகையறாவுக்கு 2013-இலிருந்து தடை உத்தரவு போட்டு, ஆண்டுதோறும் நீட்டித்து வருகிறார்கள். பக்கத்து மாநிலத்திலிருந்து வருவதை அது நிறுத்தவில்லை. 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைக் கண்டு, கூல் லிப்பைப் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக அறிவித்து நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று மத்திய அரசைக் கேட்டது. அந்தச் செய்தியை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அதைப் படித்தது பெரும்பாலும் ஆசிரியர்கள்தான்.

சரி, எங்கள் பள்ளியில் இது இருப்பதை யார் கண்டுபிடித்தார்கள்? கழிப்பறை சுத்தம் செய்கிற அக்கா.

சாக்பீஸ் டப்பா எடுக்கப் போனபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், பசங்க பாத்ரூம் ஜன்னக்கட்டைல வெள்ளையா சின்னச் சின்னப் பையாக் கெடக்குதுங்களே, அது என்னங்க? மூணு மாசமாக் கூட்டித் தள்ளுறேன்." இத்தனை நாளாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் பீடிக்கட்டு கிடந்ததைச் சொல்லியிருக்கிறார். மறுநாளே ஒரு பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "அவங்கம்மா என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, எம் பையன் பொழப்பைக் கெடுத்தவளேன்னு மண்ணை வாரித் தூத்துச்சுங்க டீச்சர். அதுக்கப்புறம் எதைப் பார்த்தாலும் கூட்டித் தள்ளிட்டுப் போயிருவேன்."

போதைத் தடுப்பு பற்றி நான் கலந்துகொண்ட பயிற்சிகள் எல்லாவற்றையும்விட இந்தப் பேச்சில் எனக்கு விஷயம் கிடைத்தது. பள்ளியில் யாருக்காவது எப்போதும் தெரிந்திருக்கும். கூட்டுகிற அக்காவுக்கு, சமைக்கிறவருக்கு, வாட்ச்மேனுக்கு, ஆட்டோ அண்ணனுக்கு, கடைசி பெஞ்சுப் பையனுக்கு. சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் சொல்வதில்லை. எங்கள் தலைமையாசிரியை இதைப் புரிந்துகொண்டார். அவர் செய்த முதல் காரியம், போதைப் பொருள் வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ எந்தப் பிள்ளைக்கும் டி.சி. தரப்பட மாட்டாது என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் சொல்லி மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வைத்தது. சில சார்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பழம் மொத்தக் கூடையையும் கெடுத்துவிடும் என்றார்கள். "வெளியே அனுப்பினா பிசிறு வெட்டத்தான் போவான் சார். அங்கேதான் அதைக் கத்துக்கிட்டு வந்தான்" என்றார் எச்.எம்.

பிசிறு வெட்டுவது என்றால் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை. அவர் சொன்னது எங்கள் ஊர்க் கதை. நுரையீரல் படத்தைப் பார்த்துப் பதில் சொன்ன அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நான் பேசியபோது அப்படித்தான் வந்தது. "ஏன்டா இப்படிப் பண்றே?" என்ற கேள்விக்கு எந்தப் பையனும் பதில் சொன்னதில்லை, தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான். எப்போது, எங்கே, யாரோடு என்று கேட்டால் சொல்வான். வகுப்பில் நிற்க வைத்தும் கேட்கவில்லை, ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் நடுவிலும் கேட்கவில்லை. நூலகத்தில் புத்தகம் அடுக்க உதவிக்கு வா என்று கூப்பிட்டு, இரண்டு பேரும் அடுக்கிக்கொண்டே பேசினோம். முகத்துக்கு முகம் பார்க்காமல் கை வேலையாக இருக்கும்போது பையன்கள் நன்றாகப் பேசுவார்கள்.

"ஒரு நாளைக்கு எப்பெப்பத் தம்பி வைக்கிற?"

"காலைல வர்றப்ப ஒண்ணுங்க மிஸ். அப்புறம் இண்டர்வெல்ல ஒண்ணு."

"வைக்கலைன்னா என்ன ஆகும்?"

"தலை வலிக்குதுங்க. யார் பேசுனாலும் கோவமா வருது."

"மொதல்ல யாரு குடுத்தா?"

"கம்பெனில ஒரு அண்ணனுங்க. லீவு நாள்ல பிசிறு வெட்டப் போவேன். நைட்டு தூக்கம் வந்துச்சுன்னா இதை வெச்சுக்கடா, முழிப்பா இருக்கும்னு குடுத்தாங்க."

வைக்காவிட்டால் தலை வலிக்கிறது, கோபம் வருகிறது என்றால் நிக்கோடின் உடம்பைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இனி அறிவுரை மட்டும் போதாது. நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் மிக மோசமாக இருக்கும். எரிச்சல், கவனம் சிதறல், தூக்கமின்மை, சில பேருக்கு அழுகைகூட வரும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். இதைத் தெரிந்துகொண்ட பின் அவன் வகுப்பாசிரியரிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன்: இந்த வாரம் அவன் வெடுக்கென்று பதில் சொன்னால் பெரிதுபடுத்தாதீர்கள், தண்ணீர் குடிக்கக் கேட்டால் விடுங்கள். காரணம் சொல்லவில்லை, அவரும் துருவவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து சனி ஞாயிறு வீட்டில் இருக்கும்படி நாள் குறித்தோம். அந்த வாரம் பிசிறு வெட்டப் போகக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. வாய்க்கு வேலை வேண்டும் என்பதால் வறுத்த வேர்க்கடலை, கொய்யாக்காய். இடையில் ஒரு தடவை மறுபடி வைத்தான், வந்து சொன்னான். வந்து சொன்னானே, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

வீட்டுக்குச் சொல்வது தனிக் கலை. பெற்றோரை உடனே வரவழைத்து, பையன் முன்னால் பொருளை மேசையில் வைத்துக் காட்டுவது பல பள்ளிகளில் நடக்கிறது. அந்த இடத்திலேயே அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். எங்கள் வழக்கம், வீட்டில் யாரிடம் முதலில் சொல்லலாம் என்று பிள்ளையையே கேட்பது. அம்மா, சித்தி, அக்கா யாராக இருந்தாலும் சரி. சொல்லாமல் இருப்பது மட்டும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிடுவோம். இவன் அம்மா ஷிப்ட் முடித்து நேராகப் பள்ளிக்கு வந்தார், தலைமுடியில் பஞ்சுத் தூசு இருந்தது. முதல் வார்த்தையே "அவங்கப்பாகிட்டச் சொல்லிராதீங்க டீச்சர், அடிச்சே கொன்னுருவாரு" என்பதுதான். அப்பாவுக்குச் சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை இரவு டாஸ்மாக். தண்ணீர் பாட்டிலும் சைடு டிஷ்ஷும் வாங்கி வர மகனைத்தான் அனுப்புவாராம். பீடி வாங்கவும் அவன்தான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, அப்பாவுக்காக வாங்க வந்தேன் என்றாலும் அதுதான் விதி. ஆகவே பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் கேட்பது சின்ன விஷயம்: பீடி, சிகரெட், சரக்குக்கு உண்டான எதையும் பிள்ளையை விட்டு வாங்காதீர்கள். குடிக்காதீர்கள் என்று சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு ஒருவர்கூட வர மாட்டார். இதைச் சொன்னால் சிலராவது கேட்கிறார்கள்.

கூல் லிப்போடு கதை முடிவதில்லை. சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், ஒயிட்னர், பெயிண்ட் தின்னர் ஆகியவற்றைத் துணியில் நனைத்து முகர்வது ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கூடக் காணப்படுகிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வில், எய்ம்ஸ் நடத்தியது, பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே வகை இதுதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம். காசு கம்மி, எந்தக் கடையிலும் கிடைக்கும், சட்டப்படி போதைப் பொருளும் இல்லை. சட்டைக் கையில் பெயிண்ட் வாசனை, மூக்கைச் சுற்றிப் புண், குடிகாரனைப் போல் குழறும் பேச்சு, அதுவும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை எல்லா ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும்: முகர்ந்துகொண்டிருக்கும்போது கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். இந்த ஆவி ஏறியிருக்கும்போது திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகக்கூடும். முதல் தடவை முகர்கிற பிள்ளைக்கும் இது நேரலாம். அமைதியாகப் பேசி, உட்கார வைத்து, காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். பி.இ.டி. சாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. விசிலோடு துரத்துவதுதான் அவர் இதுவரை செய்து வந்தது.

பெரிய வகுப்புகளில் வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாத டேபென்டடால் போன்றவை கைமாறி வருகின்றன. சிலர் கரைத்து ஊசியாகவும் ஏற்றிக்கொள்கிறார்கள். அளவு கூடினால் மூச்சு மெதுவாகிக்கொண்டே போகும். மயக்கத்தில் இருக்கிறவனைப் பெஞ்சில் படுக்கப் போட்டு "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். மதுவுக்கும் இதேதான். தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டப்படி 21 வயது. ஆனால் பிளஸ் டூ கடைசிப் பரீட்சை நாளிலும் தேர்த் திருவிழாவிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கலந்துகொண்டு வருகிறார்கள். கடைசிப் பரீட்சை அன்று பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை பள்ளி வளாகத்திலேயே ஒரு சாப்பாடும் கிரிக்கெட்டும் வைத்தோம். தடுப்பு என்றால் சில நேரம் இவ்வளவுதான்.

பையைச் சோதிப்பதில் பலருக்கு ஆர்வம் அதிகம். நாங்கள் வைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் மட்டும், எச்.எம். அறையில், இரண்டு ஆசிரியர் முன்னிலையில், பிள்ளையே தன் பையைத் திறந்து காட்டட்டும். பெண் பிள்ளை என்றால் ஆசிரியைகள் மட்டும். உடம்பைத் தடவிச் சோதிப்பது கிடையாது. செல்போனில் படம் பிடிப்பது கிடையவே கிடையாது. ஒரு ஊரில் ஆசிரியர் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி, அந்தப் பையன் ஊரைவிட்டே போனதை என் தோழி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அது மறந்துபோகிறது.

சட்டத்தைப் பிள்ளை பக்கம் திருப்பாமல் விற்றவன் பக்கம் திருப்ப வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77 இதற்காகவே இருக்கிறது. குழந்தைக்கு மது, போதைப் பொருள், புகையிலை எதைக் கொடுத்தாலும் ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். பிரிவு 78, குழந்தையை வைத்து விற்பவர்களுக்கும் கடத்துபவர்களுக்கும் அதே அளவு தண்டனை சொல்கிறது. போதைக்குள் இழுக்கப்படும் நிலையில் உள்ள பிள்ளையை அதே சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றுதான் சொல்கிறது, குற்றவாளி என்று சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்றால் புகையிலைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய்வரைதான். அதனால் கடைக்காரர் பயப்படுவதில்லை. 77-ஐச் சொன்னால் பயப்படுகிறார்.

100 கெஜம் என்பது 300 அடி, ஏறக்குறைய 91 மீட்டர். கேட்டிலிருந்து அளந்து "நம்ம கடை தள்ளி இருக்குதுங்க" என்பார்கள். சுற்றுச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பின்சுவரை ஒட்டிய பெட்டிக்கடை அப்படித்தான் அந்த எல்லைக்குள் வந்தது. அதை நடத்துகிற அம்மாவிடம் போலீஸோடு போகவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்கள் நாலு பேர் போனார்கள். அவர்கள் தினமும் அவரிடம் பால் பாக்கெட்டும் தக்காளியும் வாங்குகிறவர்கள். "அக்கா, எங்க பசங்களுக்கும் உங்க பேரனுக்கும் ஒரே வயசு" என்பதில் பேச்சு ஆரம்பித்தது. சிகரெட் டப்பா உள்ளே போனது. கூல் லிப்பை அவர் வைத்திருக்கவில்லை, பைக்கில் ஒருவன் வந்து தந்துவிட்டுப் போகிறான், அவன் எந்த நேரம் வருகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 10581 என்ற மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் இலவச எண்ணுக்குத் தகவல் போனது குழுத் தாய்மார்களிடமிருந்துதான். பள்ளியின் பெயரில் போகவில்லை, ஆகவே பையன்களில் யார் சொன்னது என்ற பேச்சு எழவில்லை.

வகுப்பறைக்கு வருகிறேன். ஒரு தடவை சிறப்புப் பேச்சாளராக வந்த அதிகாரி ஒருவர் பறிமுதல் செய்த கஞ்சாப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல எண்ணத்தில்தான். முடிவில் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். முதல் கேள்வி: "இது எவ்வளவுங்க சார்?" இரண்டாவது: "பிடிச்சதை எங்கே வெப்பீங்க?" கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. உலகம் முழுக்க இந்த அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டேர் திட்டம் காவலர்களை வகுப்புக்கு அனுப்பிப் பாடம் நடத்தியது. எத்தனையோ ஆய்வுகள் பிள்ளைகளின் பழக்கத்தில் அது பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை என்றே சொல்லின. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளில், பள்ளியில் பலன் தராதவை என்று ஒரு வரிசையே கொடுத்திருக்கிறார்கள். வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தல், திருந்தியவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது, காவலரைக் கொண்டு பாடம் நடத்துவது. நம் ஜூன் 26 நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கும்.

பலன் தருவது பழகிப் பார்ப்பது. நண்பன் நீட்டும்போது என்ன சொல்வது என்பதைப் பையன்களே காட்சியாக எழுதி நடித்தார்கள். ஆசிரியர் எழுதித் தந்தால் "போதைப் பொருள் வேண்டாம் நண்பா, அது நம் எதிர்காலத்தை அழிக்கும்" என்று வரும், நிஜத்தில் எந்தப் பையனும் அப்படிப் பேச மாட்டான். அவர்கள் எழுதியதில் இருந்தவை: "நாளைக்கு கபடி மேட்ச்டா", "வாயெல்லாம் புண்ணு, போடா", "எங்கக்கா மோப்பம் புடிச்சிரும்". ஒருவன் எதுவுமே சொல்லாமல் செல்போனைக் காதில் வைத்து "வர்றேம்மா" என்று கிளம்பிப் போய்விட்டான். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

கணக்கு டீச்சர் என்பதால் இன்னொன்றும் செய்தேன். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் இரண்டு கேள்வி. நம் வகுப்பில் பத்துக்கு எத்தனை பேர் இதைப் பயன்படுத்துவதாக நினைக்கிறாய்? நீ பயன்படுத்தியது உண்டா? சீட்டை அவர்களே எண்ணி, அவர்களே கரும்பலகையில் பட்டை வரைபடம் போட்டார்கள். நினைத்த எண்ணிக்கை, உண்மையைவிட எங்கேயோ உயரத்தில் இருந்தது. எல்லாரும் செய்கிறார்கள், நான்தான் பாக்கி என்ற எண்ணத்தில் இருந்த பையன்களுக்கு, பெரும்பாலானவர்கள் தன்னைப் போலத்தான் இருக்கிறார்கள் என்பது கண்ணெதிரே தெரிந்தது. புள்ளியியல் பாடமும் நடந்தது. ஆறாம் ஏழாம் வகுப்பில் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்குப் பொருள்களின் பெயர்ப் பட்டியலே வேண்டாம்.

உதவி எண்களைப் பிரின்ட் போட்டு எச்.எம். அறை வாசலில் ஒட்டுவதில் பயனில்லை, அங்கே நின்று படிக்கிற பையனை எல்லாரும் பார்ப்பார்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். 14446 போதை மீட்பு ஆலோசனை. 1098 குழந்தைகளுக்கு. 14417 தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். 14416 மனம் சரியில்லாதபோது பேச. 1933 போதைப்பொருள் தொடர்பான தகவல் தரவும் ஆலோசனை கேட்கவும் 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி.க்குக் காலையிலேயே போக வேண்டும். 2025-இல் தொடங்கிய கலங்கரை போதை மீட்பு மையங்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்பதைத் தேவை வரும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பிள்ளையோடு ஓர் ஆசிரியரும் போனால் நல்லது. "மனநலம்" என்ற போர்டைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். ஆசிரியர்கள். இண்டர்வெல்லில் டீக்கடைப் பின்பக்கம் சிகரெட் பிடிக்கிற சாரைப் பையன்கள் பார்க்கிறார்கள். அவரிடம் 1800-11-2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கொடுத்தேன், வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பிடிக்கிறார். அதுவும் ஒரு முன்னேற்றம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு சார் விஷயம் அப்படி லேசானது இல்லை. திங்கட்கிழமை காலையில் கை நடுங்கும், கரும்பலகையில் எழுத்து கோணும். நல்ல ஆசிரியர். பிள்ளைகளே அவரைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்தார்கள். சக ஆசிரியர்கள் சேர்ந்து அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டி, இனித் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கலாம் என்றார்கள். மாலை போட்டால் ஒரு மண்டலம் தொட மாட்டார் என்றார் இன்னொருவர். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், பலர் அப்படி விட்டிருக்கிறார்கள். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடித்து, குடிக்காத காலையில் கை நடுங்குகிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், பிதற்றலும் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் சேர்த்து, மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் போட்டுத்தான் இதைக் கடக்க வைக்கிறார்கள். கயிறு கட்டுவதானால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு கட்டிக்கொள்ளட்டும் என்று நான் சொன்னதில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது. எச்.எம். மருத்துவ விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டார், காரணத்தை ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசக் கூடாது என்றார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கிறது. அது போல இங்கேயும் ஓரிடத்தில் சாரின் மனைவிக்கும் தனியாக ஆலோசனை கிடைத்தது. சார் திரும்பி வரும்வரை பத்தாம் வகுப்பு பி பிரிவு அறிவியலை நாங்கள் மூன்று பேர் பிரித்து எடுத்துக்கொண்டோம். வந்த பிறகு அவருக்குத் திங்கட்கிழமை முதல் பீரியட் போட வேண்டாம் என்று டைம்டேபிள் சாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், மாத்திரையின் அசதி காலையில் இருக்கிறதாம்.